லேப்புக்குள் பெய்த மழை

நெட்டூரணியில் மழை பெய்தது என்று சொன்னாலே பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள், அதுவும் பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேப்புக்குள் பெய்தது என்று சொன்னால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அந்த மழையில் ஒரு மிடறு குடித்திருந்தால் சிரித்த வாய் அப்படியே சப்புக்கொட்டியிருக்கும், அவ்வளவு ருசி.

மூன்று வருஷமாக மேகம் அந்த ஊர் எல்லைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நலம் விசாரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. "மீன் நனைஞ்சா மறுகால் போகும்" என்று ஊரில் ஒரு சொலவடை உண்டு. அதாவது கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாகத் தண்ணீர் வெளியேறும் என்று அர்த்தம். எந்த மீன், அது எங்கே நனைய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, தண்ணீரில் கிடக்கிற மீன் புதிதாக என்ன நனையப்போகிறது என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் சொலவடையிடம் கேள்வி கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை.

கேள்வி கேட்கிற ஒரே ஆள் பூரணவல்லி. கீழத்தெருக்காரி. கண்மாய்க் கரையின் காலடியில் இருக்கிறது கீழத்தெரு. பூரணவல்லி வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் கரைதான் முகத்தில் இடிக்கும். அந்தக் கரையில் ஒற்றைப் பனைக்கு நேராக ஒரு வெடிப்பு, கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும், அதை விட்டுப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு: மழை வந்தால் இந்தக் கரை நிற்குமா? ஊரில் யாரிடம் கேட்டாலும், "முதல்ல வரட்டும் டீச்சர்" என்றார்கள். குழந்தை பிறக்கட்டும், அப்புறம் தொட்டிலுக்குக் கயிறு தேடலாம் என்கிற கட்சி.

கண்மாயைத் தாண்டி, ரோட்டோரத்தில் இருந்த பாலிடெக்னிக்கில் அவள் நடத்திய பாடம் மாடலிங்கும் சிமுலேஷனும். முதல் நாள் வகுப்பில், "மாடல்னா என்ன?" என்று கேட்டாள்.

"துணிக்கடை வாசல்ல சேலை கட்டிக்கிட்டு நிக்கிற பொம்மை மிஸ்" என்றாள் முத்திருளாயி. வகுப்பிலேயே வாய் நீளமானவள்.

"பக்கத்துல வந்துட்டே. அந்தப் பொம்மைக்கு ஈரல் இருக்கா?"

"இல்ல மிஸ்."

"ஏன் இல்ல? சேலை எப்படி விழுதுன்னு பார்க்க ஈரல் வேண்டாம். கேள்விக்கு வேண்டியதை வை, வேண்டாததை விடு, அதுதான் மாடல். அதை ஓட்டிப் பார்த்தா சிமுலேஷன். ஆனா எதை விட்டோம்கிறதை மறந்துறாதீங்க. மறந்தா பொம்மைக்குப் பசிக்குதுன்னு சோறு ஊட்டிக்கிட்டு நிப்பீங்க."

இப்படித்தான் அவள் பாடம். கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் பரிமாறினால் இலை காயாமல் இருக்கும் என்பதை மாடலாகப் போட்டார்கள். டவுன் பஸ் ஏன் ஒரு மணி நேரம் வராமல் இருந்துவிட்டு ரெண்டாகச் சேர்ந்து வருகிறது என்பதைப் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. உலகத்தில் உள்ளதையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று கை பரபரத்தபோது, பூரணவல்லி தன் கேள்வியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினாள்: மழை வந்தால் நம் கரை நிற்குமா?

பிள்ளைகள் கரையின் நீளத்தை அளந்தார்கள், கலுங்கின் அகலத்தை அளந்தார்கள், மண்ணைக் கிள்ளிக் குழைத்துப் பார்த்தார்கள். கண்மாய்க்குள் வளைத்துப்போட்டு யாருடைய வெள்ளாமை எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டார்கள். இங்கேதான் சங்கதி. பந்தியில் உட்கார்ந்திருப்பவனிடம் போய் எத்தனை வடை தின்றாய் என்று கேட்பது எப்படியோ, நெட்டூரணியில் ஒருவரிடம் கண்மாய்க்குள் உனக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதும் அப்படி. கேட்ட இடத்திலெல்லாம், "நமக்கு என்ன தாயி, ஒரு கைக்குட்டை அளவு" என்றார்கள். கேட்டதும் அந்தந்த வீட்டுப் பிள்ளைகள்தானே, கைக்குட்டையைப் போய் எழுதுவானேன் என்று எல்லா இடத்திலும் சைபர் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முத்திருளாயி மழை என்ற கட்டத்தில் நாற்பது மில்லிமீட்டர் என்று அடித்து, ஓட்டுவதற்கான பொத்தானைத் தட்டினாள். திரையில் நீலக்கோடு ஏறியது. லேப் கூரையிலிருந்து மழை பெய்தது.

தூறல் இல்லை, ஒழுக்கு இல்லை, மழை. மண்வாசனையோடு, இடி மட்டும் இல்லாமல், சாந்தமாகப் பெய்தது. கம்ப்யூட்டர்களைத் தொடவில்லை, பந்தியில் இலைகளுக்கு நடுவே பெரியவர்கள் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நடப்பதுபோல அவற்றைச் சுற்றிச் சுற்றி விழுந்தது. தரையில் சேர்ந்த தண்ணீர் ஒரு வளைவு போட்டு வாசற்படி வழியாக ஒழுங்காக வெளியே போனது. நனைந்துகொண்டே பூரணவல்லி ஒரு வாளியை நடுவில் வைத்து, நின்றதும் அளந்து பார்த்தாள். நாற்பது மில்லி.

"மிஸ், இன்புட் சரியாத்தான் போயிருக்கு" என்றாள் முத்திருளாயி, முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே.

பிரின்சிபால் ஞானசிகாமணி குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "மேல ஓட்டை இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். "அப்ப மெயின்டனன்ஸ்ல வராது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார்.

மறுநாள் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே லேப் வாசலில் குடங்கள் நின்றன. பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள், வால் பிடித்துக் கண்மாய்க்குள் இறங்கிக் கரை வரைக்கும் போய்விட்டன. வரிசைக்குத் தலைவி கீழத்தெரு சீனியம்மாள். குழாயடிச் சண்டைகளில் பழுத்தவள், அவள் இடுப்பில் கை வைத்தால் தண்ணீர் லாரியே ரிவர்ஸ் எடுக்கும். அவள் பூரணவல்லியைப் பார்த்துச் சொன்னாள்: "டீச்சர், நேத்து நாப்பது போட்டீகளாமே, இன்னைக்கு அறுபதாப் போடுங்க. ஆவணி மாசம், விசேஷ வீடு நிறைய."

ஒரு மாதத்துக்குள் ஊர் அந்த மழையைப் பால்காரரைப்போலப் பழகிக்கொண்டது. காலையில் கீழத்தெருவுக்கு ஒரு ரன், மதியம் மேலத்தெருவுக்கு ஒரு ரன். சோப்புப் போடக்கூடாது, செருப்பைக் கழற்ற வேண்டும், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது என்று பிரின்சிபால் போர்டு எழுதிக் கையெழுத்தும் போட்டார். அம்மன் கோயில் முளைப்பாரியை லேப் ஜன்னலோரம் வைத்தார்கள், அது ஒரே வாரத்தில் மானிட்டரை மறைத்தது. வாசலில் சுக்குக்காப்பிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார், நனைந்து நடுங்கி வருகிறவர்களுக்கு. வெளியே தீயாய்க் கொளுத்துகிற வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதையும், உள்ளே போய் விரிப்பதற்காகத்தான் அந்தக் குடை என்பதையும் பார்த்து வெளியூர் பஸ்காரர்கள் மட்டும் வாய் பிளந்தார்கள்.

பாடமும் நடந்தது, அதுதான் அதிசயம். குடத்தோடு நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா, காதில் விழுந்ததையெல்லாம் இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு சட்டினி ருசிக்கவில்லை என்றால் மாமியார்க்காரி, "இன்புட்டுல என்னத்தைப் போட்டே?" என்றாள். ஜோசியர் வந்து மூன்று வகுப்பு பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, "எங்க தொழில்ல ஆண்டவன் ரெண்டாவது தடவை ஓட்டிப் பார்க்க விட மாட்டான், அதுதான் வித்தியாசம்" என்று பெருமூச்சு விட்டார். குடவரிசையையே பூரணவல்லி ஒரு மாடலாகப் போட்டு, ரெண்டு வாளி வைத்திருப்பவர்களுக்குத் தனி வரிசை என்று பிரித்துவிட, சண்டை பாதியாகக் குறைந்தது. சீனியம்மாளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இப்படி ஊரே நனைந்து குளிர்ந்திருந்தபோது ரேடியோவில் சொன்னார்கள், வங்கக்கடலில் புயல், இந்தத் தடவை நெட்டூரணிப் பக்கம்தான் என்று. நிஜமழை.

பூரணவல்லிக்குப் பயமில்லை. மாடல்தான் சொல்லியிருக்கிறதே, முந்நூறு மில்லி பெய்தாலும் கரை நிற்கும், மிச்சம் கலுங்கு வழியாகப் போய்விடும் என்று. அந்தத் தெம்பில் கண்மாய்க்குள் குறுக்கே நடந்து கல்லூரிக்குப் போனவளின் சேலை ஒரு முள்வேலியில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். மிளகாய். அதற்கு அந்தப்பக்கம் மல்லி. அதற்கு அந்தப்பக்கம் மேடு கட்டி மாட்டுக்கொட்டம், செங்கல் காளவாய், எல்லாவற்றையும் சுற்றி இடுப்பளவு வரப்பு. தினமும் பார்த்ததுதான், பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். கண்ணுக்குத் தெரிந்தது கணக்குக்குத் தெரியாமல் போய்விட்டதே. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் கைக்குட்டைகள் நின்றுகொண்டிருந்தன. அவை தள்ளிவிடுகிற தண்ணீர் எங்கே போகும்? கரைக்கு. கரையில் எங்கே? அவள் முழங்கை போய் வந்த இடம் எங்கே இருக்கிறதோ, அங்கே.

அன்றைக்கே ஊரை லேப்புக்குள் கூட்டினாள். ரன் நடக்கிற நேரமானதால் எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்புட்டு தப்பு. கண்மாய்க்குள்ள யார் யாருக்கு எவ்வளவு இருக்குன்னு நிஜத்தைச் சொல்லுங்க. மாத்திப் போட்டு ஓட்டிப் பார்க்கணும்."

மிளகாய் மண்டி போத்தையா எழுந்தார். மழைத்தண்ணீர் அவர் மீசையில் இறங்கிச் சொட்டியது. "டீச்சர், நல்லாப் பால் கறக்கிற மாட்டோட காலைக் கட்டி லாடம் அடிக்கப் பார்க்கீக. மாத்திப் போட்டு மழை நின்னு போச்சுன்னா?"

"நிக்கலாம்."

"நின்னா குடிக்கத் தண்ணி?"

"போத்தையாண்ணே, இது கைக்கு அடங்கின மழை. வரப்போறது அடங்காத மழை. கரை உடைஞ்சா கீழத்தெரு இருக்காது."

"எனக்கு உள்ளதே ஒரு கைக்குட்டை…" என்று அவர் ஆரம்பிக்க, "ஆமா, எனக்கும் கைக்குட்டை", "எனக்கு அதிலயும் பாதி" என்று குடைக்குக் குடை சொல்லிக்கொண்டே போனார்கள். பூரணவல்லி தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது சீனியம்மாள் தன் குடையை மடக்கித் தரையில் ஊன்றினாள்.

"ஏன் கொழுந்தனாரே, உங்க கைக்குட்டையில நான் களையெடுக்க வந்தேனே, காலையில குனிஞ்சவ பொழுது சாயத்தானே நிமிர்ந்தேன். அவ்வளவு பெரிய கைக்குட்டைக்கு எம்புட்டுப் பெரிய மூக்கு வேணும்?"

லேப் அதிர்ந்தது சிரிப்பில். போத்தையா விடுவாரா? "மதினி மட்டும் யோக்கியமோ? உங்க மல்லிக்கொல்லை போன வருஷம் என் வேலியில இடிச்சது, இந்த வருஷம் தாண்டிருச்சு. நாலு குறுக்கம் நிலம் சுளையா இருக்கு!"

பூரணவல்லிக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாள்.

"நிறுத்துங்க! யாரும் அவங்கவங்க நிலத்தைச் சொல்ல வேண்டாம். பக்கத்து நிலத்தைச் சொல்லுங்க!"

அட, என்ன சொல்ல. தன்னுடையது கைக்குட்டையாகத் தெரிந்த கண்ணுக்கு அடுத்தவனுடையது ஜமுக்காளமாகத் தெரியும், அதுவும் ஓரம் மடிந்த இடம் எது, எந்த ராத்திரியில் வரப்பு நகர்ந்தது என்பது வரைக்கும் தெரியும். மடை திறந்த மாதிரி வந்தது. இவர் அவருடையதைச் சொல்ல, அவர் இவருடையதைச் சொல்ல, கொஞ்சம் கூட்டிச் சொன்னால் மறுபக்கத்துக்காரர் திருத்த, பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடித்துத் தள்ளினார்கள். கடைசியில் முத்திருளாயி கூட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். சிரிப்பு நின்றிருந்தது.

"மிஸ், கைக்குட்டைகளை ஒட்டுப்போட்டா பாதிக் கண்மாயை மூடுது."

"முந்நூறு போட்டு ஓட்டு" என்றாள் பூரணவல்லி.

கூரை இடிந்து விழுவதுபோலப் பெய்தது. தண்ணீர் இந்தத் தடவை வாசலுக்குப் போகவில்லை. வளைவு போட்ட இடத்தில் முட்டிக்கொண்டு, மேஜைக்கால்களில் சுழன்று ஏறியது. குடங்கள் மிதந்து ஒன்றோடொன்று முட்டி உறுமின. ஜனங்கள் பெஞ்சிலும், பெஞ்சின்மேல் போட்ட நாற்காலியிலும் ஏறினார்கள். ஞானசிகாமணி முளைப்பாரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, கிழக்குச் சுவருக்கு வந்து, அங்கே ஒரு இடத்தில் உதட்டை வைத்து உறிஞ்சுவதுபோல நின்றது. சுவர் இருமியது. ஒரு செங்கல் விழுந்தது, அப்புறம் ஒன்பது விழுந்தன, அப்புறம் சுவர் இருந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. தண்ணீர் அத்தனை குடங்களையும் வாரிக்கொண்டு கீழத்தெருவை நோக்கி ஓடியது.

அதன்பிறகு கூரையிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. ஓட்டைச்சுவர் வழியாகப் பார்த்தார்கள்: நேராகக் கண்மாய், நேராகக் கரை, நேராக ஒற்றைப் பனை. யாரும் எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போத்தையா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். "கடப்பாரை யார் வீட்டுல இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

புயலுக்கு முந்தின அந்த நாட்களில் நெட்டூரணி வேலை செய்ததுபோல எந்த ஊரும் செய்ததில்லை. பக்கத்து நிலத்தைச் சொன்ன அதே ஜனங்கள் பக்கத்து வேலியைப் பிடுங்கினார்கள், தன் வேலியைப் பிடுங்க அடுத்தவனுக்குக் கை கொடுத்தார்கள், வரப்புகளை வெட்டிச் சமமாக்கினார்கள், பழுக்காத மிளகாயை அழுதுகொண்டே பறித்தார்கள். கலுங்கு வாயில் அடைத்துக் கிடந்த கருவேலத்தை வெட்டி எறிந்தார்கள். பனைக்கு நேரான வெடிப்பில் மண்மூட்டை அடுக்கி, சீனியம்மாள் மேலே ஏறி நின்று மிதித்தாள். பூரணவல்லி ஒவ்வொரு வேலி விழுந்ததும் மாடலைத் திருத்தி ஓட்டினாள்; மழை பெய்யாமல், வெறும் எண்ணாக, வெறும் கோடாக ஓடியது. கடைசியில் நீலக்கோடு கரைக்கு இரண்டு சாண் கீழே நின்றது. அந்த இடத்தில் கரையில் ஒரு குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டினாள். "இதுக்கு மேல ஏறாது" என்றாள். ஒரு கேள்விக்கு வானமே பதில் சொல்ல வருகிறதே, யாருக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்!

மறுநாள் காலையில் மழை வந்தது. இடியோடு, மின்னலோடு, மூன்று வருஷ பாக்கியைச் சேர்த்துக்கொண்டு வந்தது. ஊரே கரைமேல் நின்றது, நிஜமழையில் குடை பிடிக்க மறந்து. கண்மாய் நிறைந்தது, மல்லிக்கொல்லை முங்கியது, தண்ணீர் குச்சியைத் தொட்டது, சிவப்புத் துணியை நனைத்தது, நிற்கவில்லை. துணிக்கு மேலே ஏறியது.

"டீச்சர்!" என்றார் போத்தையா.

"இருங்க."

"டீச்சர், எங்க காலுக்குக் கீழ கரை குறுகுறுங்குது."

ஒரு சாண் ஏறியது. கரை முனகியது, மண்மூட்டைகள் வியர்த்தன, சீனியம்மாள் அவற்றின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போது தூரத்தில் கலுங்குப் பக்கமிருந்து ஓவென்று ஒரு சத்தம். மறுகால்! தண்ணீர் அந்த ஒரு சாணோடு நின்றது. கரையும் நின்றது. ஜனங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிக்க, குதித்தால் கரை போய்விடும் என்று மற்றவர்கள் அவர்களை அமுக்க, பூரணவல்லி மட்டும் குச்சியை வெறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு சாண் எங்கேருந்து வந்துச்சு முத்திருளாயி? யாரோ ஒரு கைக்குட்டையை மறைச்சிருக்காங்க."

"எல்லார் நிலத்தையும் பக்கத்து நிலத்துக்காரங்க சொல்லிட்டாங்களே மிஸ்."

"பக்கத்து நிலத்துக்காரங்களே இல்லாத நிலம் ஏதாவது இருக்கா?"

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, நீர்ப்பரப்புக்கு அந்தப்பக்கம் பார்த்தார்கள். ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் பொட்டல், நடுவில் மண்ணடித்து மேடாக்கிச் சுற்றுச்சுவர் கட்டிய பாலிடெக்னிக். மற்ற இரண்டு பக்கமும் தண்ணீர் சூழ, ஒரு எருமை படுத்திருப்பதுபோலக் கண்மாயின் வயிற்றில் படுத்திருந்தது. கணக்குக் கேட்டவர்களும் கணக்குப் போட்டவர்களும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்ததால் யார் கண்ணிலும் அது படவேயில்லை.

பூரணவல்லி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் சிரித்ததே இல்லை. சேலையைச் செருகிக்கொண்டு ரோட்டு வழியாகச் சுற்றி மழைக்குள் ஓடினாள், பின்னால் முத்திருளாயி, அதன் பின்னால் என்ன ஏது என்று தெரியாமலே பாதி ஊர். லேப்பின் இடிந்த சுவருக்கு வெளியே, வீட்டுக்கு வந்த சம்பந்தி தயங்குவதுபோலத் தண்ணீர் வாசலில் நின்றுகொண்டிருந்தது. மேஜைமேல் ஏறி நின்ற ஞானசிகாமணி, "மேடம், காலேஜுக்குள்ள தண்ணி வருது!" என்று கத்தினார்.

"தண்ணி வரல சார், திரும்பி வருது! அந்த ஒரு சாண் நாமதான் சார்!" என்று கத்திக்கொண்டே அவள் போய் உட்கார்ந்து, கல்லூரியின் நீளத்தையும் அகலத்தையும் அடித்து, பொத்தானைத் தட்டினாள். நீலக்கோடு ஏறி, துணி கட்டிய இடத்தைத் தாண்டி, ஒரு சாண் மேலே போய், சரியாக நின்றது.

"மிஸ், இங்க வாங்க!" முத்திருளாயி கொடிக்கம்பத்தடியில் முழங்கால் தண்ணீரில் நின்றாள். கம்பத்தை ஊன்றியிருந்த கருங்கல்லில் ஒரு மீன் செதுக்கியிருந்தது. ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் சுண்ணாம்பு பூசுவார்கள், ஏதோ கான்ட்ராக்டர் அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தார்கள். சுண்ணாம்பு கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மீனின் வாலைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, கண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றது. மறுகாலுக்கு அளவுகல்லாக நின்ற சொலவடை மீன் கடைசியில் நனைந்துவிட்டது.

இதற்குமேல் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் அந்த மீன் என்ன செய்தது என்பதை மட்டும் விட்டுவிடலாம். எதை விட்டோம் என்பது ஞாபகமிருந்தால் போதும்.